பெங்களூர் கண்டோன்மென்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடு, சிவாஜி நகர், அல்சூர், பிரேசர் டவுன். பெங்களூருக்கு ஒருமுறையாவது போய்வந்த தமிழர்களுக்குத் தெரிந்த இந்த இடங்கள் எல்லாம் ஒரு காலத்தில் பெங்களூர் நகரத்தில் சேர்த்தியே இல்லை. அது கண்டோன்மென்ட் என்ற பட்டாளக் குடியிருப்பு, ஒரு தனி ஊர். ஏறத்தாழ 140 ஆண்டுகள் பிரிட்டிஷ் பட்டாளத்தை நம்பிப் பிழைத்த ஊர். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதிகாரிகளையும் பங்களாக்களையும் கிளப்புகளையும்தான் எழுதுகிறார்கள். அந்தப் பங்களாக்களில் தண்ணீர் ஊற்றியவர்களும், குதிரை தேய்த்தவர்களும், கல் அடுக்கியவர்களும், பட்டாளத்திலேயே சேர்ந்து மண் வெட்டியவர்களும்தான் அந்த ஊரை உண்டாக்கினார்கள் என்பது என் கருத்து. அவர்களில் பெரும்பகுதி தமிழ் பேசியவர்கள். கீழே உள்ள பதில்கள் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

கண்டோன்மென்ட் என்பது சரியாக எந்தப் பகுதி?

பழைய பேட்டையிலிருந்து கிழக்கே போனால், கப்பன் பூங்காவைத் தாண்டியதும் ஆரம்பமாகிறது. நடுவில் பரேட் மைதானம். அதற்குத் தெற்கே எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடு, ரிச்மண்ட் டவுன். வடக்கே சிவாஜி நகர், பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், பென்சன் டவுன். கிழக்கே அல்சூர் ஏரி. பேட்டை என்பது 1537ல் கெம்பே கவுடா நிறுவிய வணிக ஊர். சிக்பேட்டை, அவென்யூ ரோடு பக்கம் எல்லாம் அதைச் சேர்ந்தது. உள்ளூர்க்காரர்கள் கண்டோன்மென்ட்டைத் ‘தண்டு’, அதாவது படை முகாம், என்பார்கள். சிவாஜி நகரில் இருக்கும் அம்மன்கூட தண்டு மாரியம்மன்தான்.

ஆங்கிலேயர்கள் ஏன் பெங்களூரைத் தேர்ந்தெடுத்தார்கள்?

காய்ச்சல்தான் காரணம். 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து, திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி மைசூர் அரசை உடையார் குடும்பத்துச் சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்தது. ஆனால் கம்பெனியின் படை மைசூர் மண்ணிலேயே தங்கும், அந்தச் செலவுக்கு மைசூர் ஆண்டுக்கு 7 லட்சம் பகோடா (அக்காலத்துத் தங்க நாணயம்) கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம். சரி, படையை எங்கே வைப்பது? முதலில் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே வைத்தார்கள். காவிரி நடுவில் இருக்கும் தீவு அது. மலேரியா சிப்பாய்களையும் வெள்ளைக்காரச் சோல்ஜர்களையும் வாரிக்கொண்டு போனது.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3000 அடி உயரம். வெயில் குறைவு. அல்சூர் ஏரிக்கு மேற்கே குதிரைப்படை அணிவகுக்கிற அளவுக்குச் சமதளம் இருந்தது. 1809ல் படை இங்கே மாறியது. மனையைத் திட்டமிட்டவர் மதராஸ் இன்ஜினியர்ஸைச் சேர்ந்த ஜான் பிளாக்கிஸ்டன். 1806 வேலூர் சிப்பாய்க் கிளர்ச்சியை அடக்கப் போன படையிலும் இதே ஆள் இருந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வந்தது மதராஸ் ராஜதானியின் படை. சம்பளம், சரக்கு, ஆள் எல்லாம் சென்னை, வேலூர், ஆற்காடு பக்கமிருந்து வந்தன. பின்னால் நடந்த பலவற்றுக்கும் வேர் இதுதான்.

பெங்களூரில் கோட்டை ஏற்கெனவே இருந்ததே, அங்கேயே தங்கியிருக்கலாமே?

கோட்டையை 1791 மார்ச் மாதமே கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிடித்துவிட்டார். ஆனால் அது பேட்டையை ஒட்டி, நெருக்கமான இடத்தில் இருந்தது. வெள்ளைக்காரச் சோல்ஜர்களை ஊர் மக்களிடமிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும் என்பது அக்காலத்து ராணுவ எண்ணம். தள்ளி என்றால் வேலைக்காரர்கள் இல்லாமல் அல்ல. அவர்களுக்கும் பக்கத்திலேயே, கண்ணில் படாத தூரத்தில், இடம் ஒதுக்கப்பட்டது.

பட்டாள ஊர் எப்படி அமைந்திருந்தது?

நடுவில் பரேட் மைதானம் என்று முன்பே சொன்னேன். அதன் தெற்கு ஓரமாகப் போன சாலைக்கு சவுத் பரேட் என்று பெயர். 1948ல் அது மகாத்மா காந்தி ரோடு ஆனது. எந்தப் படை எங்கே இருந்தது என்பதைச் சாலைப் பெயர்களே சொல்லிவிடும்: இன்ஃபன்ட்ரி ரோடு, ஆர்ட்டிலரி ரோடு, பிரிகேட் ரோடு. கேவல்ரி ரோடுதான் இன்றைய காமராஜ் ரோடு. ரெசிடென்சி ரோடு, மைசூர் அரசில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த ரெசிடென்டின் பெயரால் வந்தது.

அதிகாரிகளுக்குப் பெரிய காம்பவுண்டு நடுவில் ஓட்டு பங்களா. முகப்பில் மரப்பட்டிகளால் கூம்பாக வேய்ந்த, ‘மங்கி டாப்’ என்று இந்த ஊரில் சொல்லும் அலங்காரம். சோல்ஜர்களுக்கு நீள நீளமான பேரக்ஸ். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை அணிவகுத்துப் போய் ஜெபிக்க சர்ச்சுகள்: 1808ல் அஸ்திவாரம் போட்டு 1812ல் முடிந்த செயின்ட் மார்க்ஸ், எம்.ஜி. ரோட்டின் கிழக்கு முனையில் 1852ல் எழுந்த ஹோலி டிரினிட்டி, ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக 1860களில் கட்டிய செயின்ட் ஆண்ட்ரூஸ்.

மைதானத்துக்கு வடக்கே பிளாக்பள்ளி என்ற பகுதி. இன்றைய சிவாஜி நகர். பஜார், தையல்காரர்கள், கசாப்புக் கடைகள், நகைக்கடைகள், வேலைக்காரர்களின் வீடுகள் எல்லாம் அங்கே. தெற்கே ஒரு பங்களா நிற்கிற இடத்தில் வடக்கே ஒரு தெருவே அடங்கிவிடும்.

தமிழர்கள் எப்படி, எங்கிருந்து வந்தார்கள்?

படையோடு வந்தார்கள். படைக்கு முன்னும் பின்னும் வந்தார்கள். அக்காலத்துப் படை என்பது துப்பாக்கி பிடித்தவர்கள் மட்டுமல்ல. சிப்பாயின் குடும்பம், சமையல்காரர், பட்லர், ஆயா, வண்ணார், நாவிதர், குதிரைக்காரர், புல் அறுப்பவர், தோல்பையில் தண்ணீர் சுமக்கும் பிஸ்தி, தோட்டி, மாட்டுவண்டிக்காரர், தையல்காரர், கொல்லர், கொத்தனார், தானியம் சப்ளை செய்யும் கன்ட்ராக்டர், கணக்கு எழுதும் ரைட்டர், பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி என்று ஒரு பெரிய கூட்டமே படையோடு நகரும். மதராஸ் படை என்பதால் இந்தக் கூட்டத்தில் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம் ஜில்லாக்காரர்கள் அதிகம். பறையர்களும் வன்னியர்களும் முதலியார்களும் பிள்ளைமார்களும் வந்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வந்தார்கள். தெலுங்கு பேசுகிறவர்களும் உருது பேசுகிறவர்களும் கூடவே வந்து குடியேறினார்கள். பின்னாளில் கட்ச் பகுதியிலிருந்து மேமன் வணிகர்களும் வந்தார்கள்.

சிவாஜி நகரிலும் அல்சூரிலும் தெருப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தால் இது தெரியும். வீராப்பிள்ளை தெரு, நாராயண பிள்ளை தெரு, மீனாட்சி கோயில் தெரு, தருமராஜா கோயில் தெரு. திரௌபதி அம்மன் கோயிலைத் தருமராஜா கோயில் என்று சொல்வது ஆற்காட்டுப் பக்கத்து வழக்கம். அந்த ஊர்க்காரர்கள் வரும்போது சாமியையும் கூட்டிக்கொண்டுதான் வந்தார்கள்.

1864ல் ஜோலார்பேட்டையிலிருந்து மெட்ராஸ் ரயில்வே போட்ட பாதை முடிந்த இடம் கண்டோன்மென்ட் நிலையம். பேட்டைக்குப் போகவில்லை. பட்டாளத்துக்குப் போட்ட ரயில் அது. ஆனால் அதில் ஏறி வந்தவர்களில் பட்டாளத்தாரை விட வேலை தேடி வந்தவர்கள்தான் அதிகம் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 1901 மக்கள்தொகைக் கணக்கில் பேட்டைப் பக்கத்து நகரத்தில் 69,447 பேர், கண்டோன்மென்ட்டில் 89,599 பேர். 100 ஆண்டுகூட நிறையாத பட்டாள ஊர், 350 ஆண்டுப் பழைய பேட்டையைத் தாண்டிவிட்டது.

ஒரு அதிகாரிக்கு எத்தனை வேலைக்காரர்கள் இருப்பார்கள்?

இதற்கு நல்ல சாட்சி வின்ஸ்டன் சர்ச்சில். 1896ல் நான்காவது ஹுஸ்ஸார்ஸ் குதிரைப்படையில் இளம் அதிகாரியாகப் பெங்களூருக்கு வந்தார். தானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு பங்களாவில் இருந்ததைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆளுக்கு ஒரு பட்லர், ஆளுக்கு ஒரு உடுத்திவிடும் பையன், குதிரைக்கு ஒரு சைஸ், அதாவது குதிரைக்காரர். இதைத் தவிர மூவருக்கும் பொதுவாக 2 தோட்டக்காரர்கள், 3 பிஸ்திகள், 4 வண்ணார்கள், ஒரு காவல்காரர். இளம் அதிகாரிகள் மூன்று பேர் பல் துலக்கித் தூங்கி எழுவதற்கு இத்தனை பேர்! போலோ விளையாடவும், ரோஜா வளர்க்கவும், மத்தியான வெயிலில் படுத்துக்கொண்டு கிப்பனையும் மெக்காலேயையும் படிக்கவும் அவருக்கு நேரம் கிடைத்தது என்றால் அந்த நேரத்தை யார் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அத்தனை பேரின் பெயர் எங்கும் இல்லை.

சர்ச்சில் பெங்களூர் கிளப்பில் கடன் வைத்துவிட்டுப் போனது உண்மையா?

உண்மை. கிளப்பின் 1899ஆம் ஆண்டுப் பதிவேட்டில் வசூலாகாத பாக்கிகளில் அவர் பெயருக்கு நேரே 13 ரூபாய் இருக்கிறது. கிளப் 1868ல் தொடங்கியது. அன்று அதன் பெயர் பெங்களூர் யுனைடெட் சர்வீஸ் கிளப்.

தமிழர்கள் பட்டாளத்திலேயே சேர்ந்தார்களா, வேலைக்காரர்களாக மட்டும்தான் இருந்தார்களா?

சேர்ந்தார்கள். அதில் முக்கியமானது மெட்ராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுவது, சாலை போடுவது, அகழி வெட்டுவது, கோட்டைச் சுவரை வெடி வைத்துத் தகர்ப்பது இவர்கள் வேலை. 1780ல் சென்னையில் தொடங்கிய இந்தப் படைப்பிரிவின் தலைமையிடம் 1834ல் பெங்களூருக்கு வந்தது. இன்றும் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது, மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்ற பெயரில். இதன் வீரர்களை இந்திய ராணுவம் முழுக்கத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பஞ்சாபி அதிகாரிகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

இதில் ஏராளமாகச் சேர்ந்தவர்கள் பறையர் சமூகத்து இளைஞர்கள். ஊரில் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர்களுக்குச் சீருடை, மாதச் சம்பளம், பென்ஷன், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. பட்டாளத்திலும் சாதி பார்க்கத்தான் செய்தார்கள்; ஆனால் ஊரைவிட்டு வெளியேற ஒரு வாசல் திறந்தது. 1880களில் மதராஸ் படைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்று சொல்லி, வடக்கத்தியப் படைகளை வளர்த்தார். ‘போர்க்குடிகள்’ என்ற அந்தக் கொள்கையால் மதராஸ் காலாட்படை மெல்ல மெல்லச் சுருங்கியது. சாப்பர்களை மட்டும் அசைக்க முடியவில்லை. அவர்கள் வேலையைச் செய்ய வேறு ஆள் இல்லை.

படித்து, பட்டாளத்தில் வேலை பார்த்துத் தலைநிமிர்ந்த இந்தக் குடும்பங்கள் இருந்ததால்தான் சாதி ஒழிப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குப் பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் கிளைகள் வேரூன்றின என்று நினைக்கிறேன். கண்டோன்மென்ட் வரலாற்றில் இதற்கு ஒரு தனி அத்தியாயமே வேண்டும். யாரும் எழுதுவதில்லை.

ஒரே ஒருவரைப் பற்றியாவது சொல்ல வேண்டும். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ் ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன். மெட்ராஸ் சாப்பர். 1944 பிப்ரவரி 24ஆம் தேதி இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில் கண்ணிவெடி வெடிக்கப்போகும்போது, சுற்றி இருந்தவர்களைக் காப்பாற்றத் தன் உடம்பையே அதன்மேல் போட்டு இறந்தார். அவருக்கு வீரச் செயலுக்கான பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது.

‘பெங்களூர் டார்பிடோ’ என்பது என்ன?

1912ல் இங்கே சாப்பர்ஸில் இருந்த மெக்ளின்டாக் என்ற கேப்டன் உருவாக்கிய ஆயுதம். வெடிமருந்து அடைத்த இரும்புக் குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று திருகி நீட்டிக்கொண்டே போகலாம். முள்கம்பி வேலிக்கு அடியில் தள்ளி, தூரத்திலிருந்தே வெடிக்க வைத்தால் ஆள் போக வழி கிடைக்கும். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்கு முன்னால் முள்கம்பி முக்கியத் தடையானதும் இது உலகம் முழுக்கப் பரவியது. 1944ல் நார்மண்டிக் கடற்கரையில் அமெரிக்கர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். இன்றும் பல ராணுவங்களில் இதற்குப் பெயர் பெங்களூர்தான்.

ஆற்காடு நாராயணசாமி முதலியார் யார்?

கண்டோன்மென்ட்டில் முன்னுக்கு வந்த தமிழர்களில் முதலில் சொல்ல வேண்டியவர். ஆற்காட்டுப் பூர்வீகம். பட்டாளத்தைச் சுற்றி வியாபாரம் செய்து, கட்டட ஒப்பந்தக்காரராக வளர்ந்தார். கப்பன் பூங்காவில் செக்கச்செவேல் என்று நிற்கும் அட்டாரா கச்சேரி, இன்றைய கர்நாடக உயர் நீதிமன்றம், 1868ல் முடிந்தது. வடிவமைப்புக்கு இன்ஜினியர் ரிச்சர்ட் சாங்கியின் பெயர் எல்லா இடத்திலும் வரும். கட்டிக்கொடுத்த ஒப்பந்தக்காரர் நாராயணசாமி முதலியார். 1873ல் அவர் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவசப் பள்ளி இன்று ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். என்ற பெயரில் பள்ளிகளும் கல்லூரியுமாக அல்சூர்ப் பக்கம் நடக்கிறது. அந்த எழுத்துகளுக்குள் அவர் பெயர் ஒளிந்திருக்கிறது என்பது அங்கே படித்தவர்கள் பலருக்கே தெரியாது. ராய் பகதூர் பட்டம் 1877ல் கிடைத்தது.

ஒரே ஊரில் இரண்டு அரசாங்கம் என்கிறார்களே, எப்படி?

1831ல் மைசூர் நிர்வாகத்தை ஆங்கிலேயர்கள் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு, தலைநகரைப் பெங்களூருக்கு மாற்றினார்கள். அப்போதிருந்து பேட்டையும் கண்டோன்மென்ட்டும் இரண்டுமே அவர்கள் கையில்தான். 1862ல் இரண்டுக்கும் தனித்தனி நகராட்சி வந்தது. 1881 மார்ச் 25ஆம் தேதி மைசூரை மறுபடி உடையார்களிடம் ஒப்படைத்தபோது கண்டோன்மென்ட்டை மட்டும் கொடுக்கவில்லை. ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ என்று பெயர் வைத்து, ரெசிடென்டின் ஆட்சியில் வைத்துக்கொண்டார்கள். நிலம் மகாராஜாவுடையது, அதிகாரம் ஆங்கிலேயருடையது.

இதனால் பேட்டையிலிருந்து பூங்காவைக் கடந்து நடந்தால் சட்டம் மாறும், போலீஸ் மாறும், கோர்ட் மாறும், வரி மாறும். கண்டோன்மென்ட் வரி கட்டுகிறவருக்கு மைசூர் பிரதிநிதி சபையில் இடமில்லை. மைசூர்க் குடிமகனுக்கு இந்தப் பக்கம் குரல் இல்லை. பேச்சும் மாறும்: அந்தப் பக்கம் கன்னடம், இந்தப் பக்கம் தமிழ், உருது, ஆங்கிலம். 66 ஆண்டுகள் இப்படி நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு பெங்களூரில் வந்த மொழிச் சண்டைகளைப் பற்றிப் பேசும்போது இதை யாரும் நினைப்பதில்லை. இந்தப் பக்கத்துத் தமிழர்கள் ஒரு கன்னட நகரத்துக்குள் வந்து குடியேறவில்லை. பக்கத்தில் வேறு நிர்வாகத்தில் வளர்ந்த ஊரோடு நகரம் பிறகு இணைந்தது. அதேபோல, தங்கள் தலைநகரத்தின் பாதியில் தங்கள் மொழி 140 ஆண்டுகளாக ஒதுங்கி நின்றது என்ற கன்னடர்களின் மனத்தாங்கலிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பிரிவினையை இரண்டு தரப்பில் யாரும் போடவில்லை.

கப்பன் பூங்கா எல்லைக்கோடாக இருந்ததா?

கிட்டத்தட்ட. 1870ல் சாங்கி அமைத்த பூங்கா அது. முதலில் மைசூரை நிர்வகித்த பிரிட்டிஷ் கமிஷனர் பதவியில் தற்காலிகமாக இருந்த மீட் பெயரில் இருந்தது, பிறகு 1834 முதல் 1861 வரை கமிஷனராக இருந்த மார்க் கப்பன் பெயருக்கு மாறியது. பேட்டைக்கும் பட்டாளத்துக்கும் நடுவில் மரங்களாலான இடைவெளி. அதன் கண்டோன்மென்ட் பக்க ஓரத்தில் நிற்கும் விக்டோரியா சிலையை 1906ல் அப்போதைய இளவரசர், பின்னாளைய ஐந்தாம் ஜார்ஜ், திறந்து வைத்தார். கப்பன் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடுதான் இன்றைய ராஜ்பவன்.

நல்ல சீதோஷ்ணம் என்று வந்தார்களே, நோய் விட்டதா?

விடவில்லை. 1863ல் வெளியான அரசுக் குழு அறிக்கைப்படி இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சோல்ஜர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் செத்துக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் நோயால். பெங்களூர் மற்ற இடங்களைவிட மேல் என்று பெயரெடுத்தாலும் காலராவும் காய்ச்சலும் இங்கும் வந்தன.

ரொனால்டு ராஸ் பற்றிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். மலேரியாக் கிருமி கொசுவின் உடம்பில் இருப்பதை 1897ல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தவர் அவர். அதற்குப் பதினான்கு ஆண்டு முன்பு, 1883ல், பெங்களூரில் தற்காலிகப் பட்டாள டாக்டராக இருந்தார். தன் அறையில் மட்டும் மற்றவர்களின் அறையைவிடக் கொசு அதிகமாக இருப்பதைப் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே தேடினார். ஒரு தொட்டியில் தண்ணீர் தேங்கி, நெளிநெளியாகப் புழுக்கள். தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது. மெஸ்ஸைச் சுற்றி இருக்கும் தொட்டிகளையும் இப்படிச் செய்யலாமே என்று அங்கிருந்த அதிகாரியிடம் சொன்னபோது, அது இயற்கையின் ஒழுங்கைக் கெடுப்பதாகும் என்று மறுத்துவிட்டாராம். ராஸ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியது இது. காய்ச்சலுக்குப் பயந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டு ஓடிவந்த பட்டாளம், அந்தக் காய்ச்சலுக்கான விடை ஜன்னலுக்கு வெளியே இருந்தபோது பார்க்க மறுத்தது.

பட்டாள ஊரில் பெண்களின் நிலை எப்படி இருந்தது?

கட்டடங்களையும் ரோஜாத் தோட்டங்களையும் ரசிக்கிற கட்டுரைகளில் இது வராது. வெள்ளைக்காரச் சோல்ஜர்களில் மிகச் சிலருக்குத்தான் மனைவியோடு இருக்க அனுமதி. மற்றவர்களுக்காக ரெஜிமென்ட் பஜார்களில் உள்ளூர்ப் பெண்களை வைத்திருந்தார்கள். 1864ஆம் ஆண்டு கண்டோன்மென்ட் சட்டம் அதை அதிகாரபூர்வமாகவே ஒழுங்குபடுத்தியது. அந்தப் பெண்களின் பெயர் பதிவு செய்யப்பட்டது. கட்டாய உடல் பரிசோதனை. பால்வினை நோய் இருந்தால் ‘லாக் ஹாஸ்பிடல்’ என்ற பூட்டிய ஆஸ்பத்திரியில் குணமாகும்வரை அடைப்பு. பெங்களூரிலும் அப்படி ஒன்று இருந்தது. நோயைக் கொண்டுவந்த சோல்ஜருக்கு எந்தத் தண்டனையும் கிடையாது. இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் போன்ற பெண்கள் போராடியதால் 1888ல் சட்டம் விலக்கப்பட்டது. பழக்கம் அதற்குப் பிறகும் வேறு பெயர்களில் தொடர்ந்தது. வறுமையால் அங்கே தள்ளப்பட்ட பெண்கள் எங்கிருந்து வந்தார்கள், அவர்கள் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதைச் சொல்ல எந்தச் சாலைப் பெயரும் இல்லை.

இவ்வளவு ‘டவுன்’கள் எப்படி வந்தன?

1898ல் பிளேக் ரயில் வழியாகப் பெங்களூருக்கு வந்தது. பிளாக்பள்ளி போன்ற நெருக்கமான பகுதிகளில் சாவு அதிகம். வீட்டை இடிப்பது, நோயாளியைப் பிரித்து முகாமில் போடுவது என்று அதிகாரிகள் இறங்கியதும் ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டியும் கும்பிட்டார்கள். அந்தப் பெயரில் பெங்களூரில் இன்றும் கோயில்கள் உண்டு.

அதன் பிறகுதான் நெருக்கடியைக் குறைக்கப் புதிய குடியிருப்புகள். 1910ல் பிரேசர் டவுன், ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசர் பெயரில். அகலச் சாலை, வீட்டுக்கு வீடு இடைவெளி, பின்பக்கம் துப்புரவுச் சந்து. அடுத்து ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன் என்று வரிசையாக. பேட்டைப் பக்கம் இதே காரணத்தால் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் எழுந்தன. அந்தத் துப்புரவுச் சந்துகளில் இறங்கி வேலை செய்தவர்கள் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கோலார் தங்கவயலுக்கும் கண்டோன்மென்ட்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மைக்கேல் லாவெல் என்ற ஓய்வுபெற்ற ஐரிஷ் சோல்ஜர் கண்டோன்மென்ட்டில் குடியிருந்தார். நியூசிலாந்தில் சண்டை போட்டு, அங்கே தங்கம் தோண்டுவதைப் பார்த்தவர். 1875ல் கோலாரில் தோண்டும் உரிமை வாங்கினார். பணம் போதாமல் பின்வாங்கினார்; 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து பெரிய சுரங்கமாக்கியது. அங்கேயும் வட ஆற்காட்டுத் தமிழர்கள்தான் ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள். பெங்களூரின் லாவெல் ரோடு இவர் பெயர்தான்.

செயின்ட் மேரிஸ் திருவிழாவுக்குக் காவி உடுத்திப் போவது எப்படி?

சிவாஜி நகர் ஆரோக்கிய மாதா கோயிலைக் கேட்கிறீர்கள். இன்றைய கூர்கோபுரக் கட்டடம் 1882ல் முடிந்தது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. மாதாவுக்குப் புடவை சாத்துவார்கள், விரதமிருக்கும் பக்தர்கள் காவி உடுத்துவார்கள், தேர் இழுப்பார்கள். வேளாங்கண்ணிக்குப் போகிற அதே தமிழ்க் கத்தோலிக்க வழக்கம். இந்துக்களும் முஸ்லிம்களும் வருவார்கள். எம்.ஜி. ரோட்டு ஆங்கிலிக்கன் சர்ச்சுகளின் சுவரில் வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர் பொறித்த கல்வெட்டுகள் நிறைய; இங்கே மெழுகுவத்தியும் பூக்காரிகளும் நிறைய.

கண்டோன்மென்ட் எப்போது முடிவுக்கு வந்தது?

1947 ஜூலையில், சுதந்திரத்துக்குச் சில வாரம் முன்பு, மைசூரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 1949ல் இரண்டு நகராட்சிகளும் இணைந்து பெங்களூர் மாநகராட்சி ஆனது. பட்டாளம் போகவில்லை, கொடிதான் மாறியது.

ஆங்கிலோ இந்தியர்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். தமிழர்கள் இருந்தார்கள். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது அடிபட்டுத் தமிழ்நாட்டுக்கு ஓடிவந்தவர்களும் உண்டு. அல்சூர் ஏரிக்கரையில் 1991ல் வைத்த திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இரண்டு மாநில முதல்வர்களும் சேர்ந்து செய்த நல்ல காரியம் அது.

இன்று போனால் எதைப் பார்க்கலாம்?

சென்னையிலிருந்து ரயிலில் போகிறவர்கள் கண்டோன்மென்ட் நிலையத்திலேயே இறங்கிவிடுங்கள். முதலில் சிவாஜி நகர்: 1927ல் கட்டி 1933ல் திறந்த ரசல் மார்க்கெட், எதிரே ஆரோக்கிய மாதா கோயில், பக்கத்துச் சந்துகள், தண்டு மாரியம்மன். காலையில் போனால் மார்க்கெட்டில் பூவும் காய்கறியும் இறங்குவதைப் பார்க்கலாம். தமிழும் உருதும் கன்னடமும் கலந்து பேரம் பேசுவார்கள். அங்கிருந்து கமர்ஷியல் ஸ்ட்ரீட் வழியாக காமராஜ் ரோட்டில் தெற்கே இறங்கினால் பரேட் மைதானமும் எம்.ஜி. ரோடும் வந்துவிடும். மைதானத்துக்குள் சும்மா போக முடியாது. சுதந்திர தினம், குடியரசு தின அணிவகுப்புகளுக்குப் பொதுமக்களை விடுவார்கள். பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சந்திக்கும் முனையில், கடைகளுக்கு நடுவே, மெட்ராஸ் பயனியர்களின் (படைக்கு வழி வெட்டி, சாலை போட்ட பிரிவு) போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஷாப்பிங் போகிற கூட்டம் நிற்காமல் கடந்துவிடும் இடம். அதில் பொறித்திருக்கும் போர்களின் பெயர்களைப் படிக்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கடைசியாக அல்சூர் ஏரி. அதன் கரையில் தம்பிகளின் முகாமை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும், படம் எடுக்க விடமாட்டார்கள்.